மேலகிரிக் காடுகள்

மேலகிரிக் காடுகள் என்பவை தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கிலும் தென்மேற்கிலும், தருமபுரி மாவட்டத்தின் ஓரப் பகுதிகளிலும், ஓசூர் மேட்டுநிலத்திற்கும் காவிரி ஆற்றுக்கும் இடையே பரவியுள்ள இயற்கைக் காடுகள் ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் நெருங்கி வரும் நிலப்பகுதியில் இவை அமைந்துள்ளன. இக்காடுகளின் பெரும்பகுதி உலர் இலையுதிர் காடுகளும் முட்புதர்க் காடுகளும் ஆகும். காவிரி, சின்னாறு, தொட்டஹள்ளா ஆகிய நீரோட்டங்களின் கரைகளில் மட்டும் உயர்ந்து வளர்ந்த ஆற்றங்கரைக் காடு காணப்படுகிறது. இப்பகுதியின் மிகப் பழைய மரங்களில் பல இந்த ஆற்றங்கரைகளிலேயே எஞ்சியுள்ளன.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிழக்கில் உள்ள பர்கூர் வட்டாரத்திலும் காட்டு மலைகள் உண்டு. எனினும் நெடுங்காலப் பயன்பாட்டினால் அவை பெரும்பாலும் குறுமரங்களும் புதர்களும் கொண்ட காடுகளாக மாறிவிட்டன. ஒரே மாவட்டத்தின் இரு புறங்களில் காணப்படும் இந்த வேறுபாடு, பழங்காடுகள் எங்கு அழிந்தன, எங்கு, எதனால் பிழைத்தன என்பதை அறிய உதவுகிறது.

பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டில் பர்கூர் என்ற பெயரில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள பேரூராட்சி. மற்றொன்று ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு வடக்கே உள்ள பர்கூர் மலைப்பகுதி. பர்கூர் மாட்டினம் இரண்டாவது இடத்தின் பெயரால் அழைக்கப்படுவது ஆகும். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலைக்காடுகளை உள்ளடக்கி, சுமார் 800 ச.கி.மீ. பரப்பில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இக்கட்டுரையில் பர்கூர் எனக் குறிக்கப்படுவது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரே ஆகும்.

புவியியல்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி ஆகிய ஊர்கள் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலத்தில் அமைந்துள்ளன. இது மைசூர் பீடபூமியின் தொடர்ச்சியாகும். இம்மேட்டுநிலம் தெற்கே அஞ்செட்டி, உரிகம், நாட்ரம்பாளையம் வழியாகக் காவிரியை நோக்கிச் சரிகிறது. இச்சரிவின் நடுவே மேலகிரி மலைத்தொடர் எழுகிறது. இதன் உயர்ந்த முகடான குத்திராயன் சுமார் 1,395 மீட்டர் உயரமுடையது. காவிரி ஒகேனக்கல்லை அடையும்போது ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. எனவே சில பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயர வேறுபாடு உள்ளது.

இந்த உயர வேறுபாடே காட்டின் பலவகைத் தன்மைக்குக் காரணமாகும். உயர்ந்த முகடுகளில் பனியும் மேகமும் தங்குவதால் அங்கு ஓரளவு பசுமை மாறாக் காடு சிறு திட்டுகளாக உள்ளது. இடைச்சரிவுகளில் இலையுதிர் காடும் மூங்கிலும் உள்ளன. தாழ்ந்த பாறைச் சரிவுகளில் முட்புதர்க் காடு உள்ளது. பள்ளத்தாக்கின் அடியில், ஆண்டு முழுவதும் நிலத்தடி ஈரம் நிற்கும் இடங்களில் ஆற்றங்கரைக் காடு வளர்கிறது.

காவிரி இப்பகுதியில் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக ஓடுகிறது. தொட்டஹள்ளா, சின்னாறு ஆகியவை மேலகிரியின் நீரைக் காவிரியில் சேர்க்கின்றன. இரு மாநிலங்களுக்கும் இடையிலான காவிரி நீரின் அளவு கணக்கிடப்படும் பிலிகுண்டுலு நீரளவு நிலையம் இக்காட்டுப் பகுதியிலேயே உள்ளது. உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, சராசரி மழை பெய்யும் ஆண்டில் தமிழ்நாட்டுக்குத் தரப்பட வேண்டிய 177.25 டி.எம்.சி. நீர் இங்குதான் அளக்கப்படுகிறது.

மரவகைகள்

இக்காடுகளின் முதன்மையான நாட்டு மரங்கள் பின்வருமாறு:

நீர்மருது: ஆற்றங்கரைக் காட்டின் தலையாய மரம். தாவரவியல் பெயர் டெர்மினாலியா அர்ஜுனா. வெளிர் சாம்பல் நிறமுள்ள பட்டை தகடு தகடாக உரியும். கனி ஐந்து சிறகுகள் உடையது. அது நீரில் மிதந்து சென்று, வெள்ளம் வடிந்த மணற்கரையில் முளைக்கும். அதன் வேர்கள் கரையை அரிப்பில் இருந்து காக்கின்றன. பட்டை இதய நோய்க்கான மருந்தாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

ஆச்சா: தாவரவியல் பெயர் ஹார்ட்விக்கியா பினாட்டா. காவிரிப் பள்ளத்தாக்கின் உலர்ந்த பாறைச் சரிவுகளில் வளரும். இந்திய மரங்களில் மிகக் கனமும் கடினமும் உடையவற்றுள் ஒன்று. நாகசுவரம் செய்ய ஏற்ற மரம் இதுவே. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாகசுவரம் செய்வோர், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நன்கு முதிர்ந்த ஆச்சா மரத்தையே விரும்புகின்றனர். நரசிங்கம்பேட்டை நாகசுவரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

வெக்காலி: வெள்ளைநாகை எனவும் வழங்கும். உலர் இலையுதிர் காட்டில் பரவலாக வளரும். இதன் பிசின் வணிகப் பொருளாகும்.

பொரசு: மஞ்சள் கலந்த பளபளப்பான மரம் தரும். இலங்கையில் முதிரை என அழைக்கப்படுகிறது. மெல்ல வளர்வது.

உசில்: இதன் இலையைக் காயவைத்து இடித்த அரப்புத்தூள், எண்ணெய்க் குளியலின்போது தலைமுடி அலசப் பயன்படுகிறது.

சந்தனம்: தன் வேர்களைப் பிற மரங்களின் வேர்களோடு இணைத்து அவற்றில் இருந்து சத்தை ஈர்க்கும் பகுதி ஒட்டுண்ணி. ஆகையால் துணை மரங்கள் இல்லாத வெட்டவெளியில் சந்தனம் செழிப்பதில்லை. நறுமணம் தரும் வயிரம் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

கல்மூங்கில்: சரிவுகளில் அடர்ந்து வளரும். யானைகளின் முக்கிய உணவு. கூட்டமாகப் பூத்த பின் பட்டுப்போகும் இயல்புடையது.

இவற்றுடன் புங்கு, நாவல், அத்தி, ஆல், அரசு, இலுப்பை, கடுக்காய், நெல்லி, வெட்பாலை, விளா முதலியனவும் உள்ளன. புளியமரம் இக்காட்டின் ஓரங்களிலும் கைவிடப்பட்ட ஊர்களின் தடங்களிலும் பெரிதாக வளர்ந்துள்ளது. புளி ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. ஆயினும் மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து நாட்டு மரம் போலவே நிலைத்துவிட்டது. எனவே பழமையான மரம் என்பதும் நாட்டு மரம் என்பதும் ஒன்றல்ல.

பழைய மரங்களின் அகவை

வெப்ப மண்டல மரங்களின் அகவையை அறிவது எளிதன்று. குளிர் நாடுகளில் கோடையும் குளிரும் மாறி மாறி வருவதால் மரத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம் தெளிவாக உருவாகும். தென்னிந்திய மரங்கள் பலவற்றில் அத்தகைய தெளிவான ஆண்டு வளையம் இல்லை. தேக்கு இதற்கு விதிவிலக்கு ஆகும். தேக்கின் வளையங்களைக் கொண்டு கடந்த காலப் பருவமழையின் போக்கு ஆராயப்பட்டுள்ளது. மேலும், முதிர்ந்த நீர்மருது, ஆல் போன்றவற்றின் நடுப்பகுதி பெரும்பாலும் உளுத்துப் பொந்தாகி விடுவதால், வளையங்கள் இருந்தாலும் எண்ண இயலாது.

ஆகவே நடைமுறையில் மரத்தின் சுற்றளவே அகவைக்கு ஓர் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் இது தரையில் இருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்கப்படும். ஆனால் நீரருகே வளர்ந்த மரம் விரைவாகப் பருக்கும்; பாறையில் வளர்ந்த அதே வகை மரம் பல மடங்கு காலம் எடுத்துக்கொள்ளும். பாறைச் சரிவில் உள்ள ஒல்லியான ஆச்சா மரம், ஆற்றங்கரையில் உள்ள பருத்த நீர்மருதை விட மூத்ததாக இருக்கக்கூடும். எனவே பருமனை மட்டும் கொண்டு எது பழைய மரம், எது வெட்டத்தக்கது என முடிவு செய்வது பிழையாகும்.

உளுத்துப் பொந்து விழுந்த மரம் மரத்தொழிலில் பயனற்றது எனக் கருதப்படுகிறது. காட்டின் வாழ்வில் அதுவே மிகுந்த பயனுடையது. ஆந்தைகள், கிளிகள், சாம்பல் இருவாச்சி ஆகியவை தாமாக மரத்தில் பொந்து தோண்ட இயலாதவை. முதிர்ந்த மரங்களின் பொந்துகளிலேயே அவை குஞ்சு பொரிக்கின்றன. அடுக்குத் தேனீக்கள் அத்தகைய பொந்துகளில் கூடு கட்டுகின்றன. மலைத்தேனீக்கள் உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை விளிம்புகளிலும் பெரிய தேனடைகளைத் தொங்கவிடுகின்றன.

சாம்பல் நிற மலை அணிலும் ஆற்றங்கரை மரங்களும்

சாம்பல் நிற மலை அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் அணில் இனமாகும். இதற்கெனத் திருவில்லிபுத்தூரில் 1988ஆம் ஆண்டு ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. காவிரிக் கரையின் ஆற்றங்கரைக் காடும் இதன் முக்கிய வாழிடங்களுள் ஒன்றாகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது சேர்க்கப்பட்டுள்ளது.

இவ்வணில் பெரும்பாலும் தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவியே இரை தேடுகிறது. கிளைகள் ஒன்றோடொன்று இணையும் இடத்தில், நீர்மருது, புளி போன்ற பெரிய மரங்களில் கூடு கட்டுகிறது. ஆற்றங்கரைக் காடோ பல இடங்களில் சில மரங்கள் அகலமே உள்ள ஒரு நாடாவைப் போன்றது. அந்நாடாவில் ஒரு பெரிய மரம் விழுந்தால் அணிலின் வழி அங்கே அறுபடுகிறது. விழுந்த மரத்தின் இடத்தில் நட்ட கன்று, பக்கத்து மரத்தின் கிளையைத் தொடப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆற்றங்கரைக் காட்டைப் பொறுத்தவரை, எத்தனை மரங்கள் உள்ளன என்பதை விட அவை தொடர்ச்சியாக உள்ளனவா என்பதே முதன்மையானது.

ஆற்றில் நீர்நாய், முதலை, மென்னோட்டு ஆமை ஆகியவை வாழ்கின்றன. காட்டில் யானை, சிறுத்தை, காட்டெருது, கடமான், நாற்கொம்பு மான், கரடி முதலிய விலங்குகள் உள்ளன.

வரலாறு

இரும்பும் கரியும்

பர்கூர் வட்டம் தொகரப்பள்ளியை அடுத்த மயிலாடும்பாறை, தென்னிந்திய இரும்புக்கால வரலாற்றில் முக்கியமான இடமாகும். இங்கு 2003ஆம் ஆண்டு பேராசிரியர் கா. ராஜனும், 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தனர். இங்கு கிடைத்த மாதிரிகளின் கரிமக் காலக்கணிப்பின்படி இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அறிவித்தது. பின்னர் 2025ஆம் ஆண்டு வெளியான அறிக்கையில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இதனினும் பழைய காலக்கணிப்புகள் தரப்பட்டன.

பழைய முறையில் இரும்பை உருக்க மரக்கரி இன்றியமையாதது. ஒரு பங்கு இரும்புக்குப் பல பங்கு கரியும், ஒரு பங்கு கரிக்குப் பல பங்கு விறகும் வேண்டும். எனவே இரும்பின் வரலாறு காட்டின் வரலாறும் ஆகும். பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பெருங்கற்கால ஈமச் சின்னங்களும் நடுகற்களும் மிகுதியாக உள்ளன. மல்லசந்திரத்தில் உள்ள கற்திட்டைகள் புகழ்பெற்றவை. மக்கள் குடியேறி, பயிரிட்டு, கால்நடை மேய்த்து, இரும்பு உருக்கி வாழ்ந்த நிலம் இது. மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக் காடு நெடுங்காலமாகவே மனிதர் கையாண்ட காடாகும்.

பாராமகாலும் பிரித்தானிய ஆட்சியும்

கிருஷ்ணகிரியும் அதனைச் சூழ்ந்த பகுதியும் பாராமகால் எனப்பட்டன. திப்பு சுல்தானுடன் 1792ஆம் ஆண்டு ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் வந்தது. மைசூர் அரசின் ஆட்சியில் சந்தன மரம் யார் நிலத்தில் வளர்ந்தாலும் அரசுக்கே உரியது என்ற நிலை இருந்தது.

சேலம் மாவட்ட இரும்புக் கனிமத்தைக் கொண்டு ஐரோப்பிய முறையில் இரும்பு செய்ய, ஜோசையா மார்ஷல் ஹீத் 1830ஆம் ஆண்டு பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். அவ்வாலையும் மரக்கரியையே நம்பியிருந்தது. தொடர்ந்து இரயில் பாதைகள் வந்தன. சோலையார்பேட்டையில் இருந்து பெங்களூருக்கு 1864ஆம் ஆண்டு பாதை திறக்கப்பட்டது. தொடக்ககால இரயில் பொறிகள் விறகையே எரித்தன. தண்டவாளக் கட்டைகளுக்கும் கடின மரம் தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தின் காடுகள் பாதுகாவலராக 1856இல் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்கார்ன், இரயில் பாதையின் மரத்தேவை காடுகளைத் தீர்த்துவிடும் என எச்சரித்தார். அவருடைய தென்னிந்தியக் காடுகளும் தோட்டங்களும் பற்றிய நூல் 1861இல் வெளிவந்தது.

இரயில் பாதைக்கும் பெருவழிகளுக்கும் அருகில் இருந்த மலைகள் முதலில் மரமிழந்தன. பர்கூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் இவ்வகையின. வண்டிப்பாதை இல்லாத காவிரிச் சரிவுகளில் இருந்து மரத்தை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருவது கடினமாக இருந்தது. மேலகிரியின் பள்ளத்தாக்கு மரங்கள் பிழைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சென்னை வனச் சட்டம் 1882ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படி காப்புக்காடுகள் அளந்து அறிவிக்கப்பட்டன. இதனால் வெட்டு கட்டுப்படுத்தப்பட்டது. அதே வேளையில் காட்டில் மேய்த்தும் சேகரித்தும் வாழ்ந்த இருளர் முதலிய பழங்குடியினரின் உரிமைகள் அரசின் அனுமதிக்கு உட்பட்ட சலுகைகளாக மாறின.

இருபதாம் நூற்றாண்டு

மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கம் ஒகேனக்கல்லுக்குக் கீழே காவிரிப் பள்ளத்தாக்கின் நீண்ட பகுதியை ஊர்களோடு மூழ்கடித்தது. நீர்மட்டம் மிகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. அணைக்கு மேலே எஞ்சிய ஆற்றங்கரைக் காடே இன்று மேலகிரியின் காவிரிக்கரைக் காடாகும்.

வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் சவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளைப் பற்றி எழுதினார். சவளகிரி ஆட்கொல்லிப் புலி பற்றிய கட்டுரை இடம்பெற்ற அவருடைய முதல் நூல் 1954இல் வெளியானது. சந்தன மரங்கள், 1899இல் குடகில் கண்டறியப்பட்ட கூர்நுனி நோயாலும், 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் கடத்தலாலும் பெரிதும் குறைந்தன. காவிரியின் இரு கரைக் காடுகளிலும் சந்தனமும் யானைத் தந்தமும் கடத்திய வீரப்பன், 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு பிப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்தில் இருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டது.

பாதுகாப்பு

காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014ஆம் ஆண்டு 504.33 ச.கி.மீ. பரப்பில் அறிவிக்கப்பட்டது. காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022 நவம்பரில் 686.406 ச.கி.மீ. பரப்பில் அறிவிக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் 17ஆவது வனவிலங்கு சரணாலயமாகும். இப்பகுதியில் 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் பதிவாகியுள்ளதாக அரசு தெரிவித்தது. இரண்டும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உள்ளன.

இவ்விரு சரணாலயங்களும் வடக்கே கர்நாடகத்தின் பன்னார்கட்டா தேசியப் பூங்கா, மேற்கே காவிரி வனவிலங்கு சரணாலயம், தென்மேற்கே மலை மாதேசுவரர் வனவிலங்கு சரணாலயம் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு தொடர்ச்சியான காட்டுப் பரப்பை உருவாக்குகின்றன. யானைகள் குளிர்காலத்தில், கேழ்வரகு முதிரும் காலத்தில், பன்னார்கட்டாவில் இருந்து சவளகிரி, நொகனூர், சானமாவு வழியாகக் கிழக்கே வருகின்றன. 1980களில் இப்பகுதி யானைகளில் சில ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்துக்கு இடம்பெயர்ந்து அங்கேயே தங்கின. அதன் தொடர்ச்சியாக அங்கு 1990இல் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம் அமைந்தது.

சரணாலய எல்லைக்கு வெளியே நிற்கும் பழைய மரங்களின் நிலை வேறு. சாலையோரப் புளியமரங்கள், ஏரிக்கரை ஆலமரங்கள், ஊர்க்கோயில் தோப்புகள் ஆகியவற்றுக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1976 முதல் உள்ளது. தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகள் அகலப்படுத்தப்பட்டபோது சாலையோரப் பெருமரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன.

இத்தகைய மரங்களைக் காக்க ஒரு வழி, 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 37ஆவது பிரிவில் உள்ளது. அதன்படி ஓர் இடத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கலாம். நாட்டின் முதல் தலமாக, பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளி அருகில் உள்ள நல்லூர்ப் புளியந்தோப்பு 2007ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 54 ஏக்கர் பரப்புள்ள அத்தோப்பில் ஏறத்தாழ 300 பழைய புளியமரங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இலும், திண்டுக்கல் மாவட்டத்து காசம்பட்டிக் கோயில்காடு 2025இலும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன.

அச்சுறுத்தல்கள்

மேக்கேதாட்டு அணை: காவிரியின் குறுக்கே மேக்கேதாட்டுவில் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடக அரசு திட்டமிட்டுள்ளது. விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க மத்திய நீர் ஆணையம் 2018ஆம் ஆண்டு அனுமதித்தது. தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை எதிர்த்து வருகிறது. இதனால் ஏறத்தாழ 5,000 எக்டேர் நிலம் மூழ்கும். அதில் பெரும்பகுதி கர்நாடகத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயமும் காப்புக்காடும் ஆகும். மூழ்கும் பகுதி அண்டை மாநிலத்தில் இருந்தாலும், ஆற்றங்கரைக் காட்டின் தொடர்ச்சி இரு மாநிலங்களுக்கும் பொதுவானது. மேலும், நீர்மருதின் விதைகள் வெள்ளம் கொண்டுவரும் புது மணலில் முளைப்பவை. வெள்ளத்தின் அளவும் காலமும் மாறினால், முதிர்ந்த மரங்கள் நின்றாலும் அவற்றின் அடுத்த தலைமுறை உருவாவது தடைப்படும்.

தொழில் வளர்ச்சி: ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் உருவானது. பின்னர் பர்கூர், போச்சம்பள்ளி, சூளகிரிப் பகுதிகளிலும் தொழிற்சாலைகள் பெருகின. இதனால் காட்டுத் திட்டுகளுக்கு இடையிலான மேய்ச்சல் நிலமும் விளைநிலமும் கட்டடங்களாக மாறி, யானைகளின் வழிகள் குறுகிவருகின்றன.

கல் குவாரிகள்: கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரங்கள் கிரானைட் கல்லுக்குப் பெயர்பெற்றவை. காப்புக்காடுகளில் இருந்து 1 கி.மீ. தொலைவுக்குள் குவாரி கூடாது எனத் தமிழ்நாடு அரசு 2021 நவம்பரில் விதி செய்தது. 2022 டிசம்பரில் அவ்விதி திருத்தப்பட்டு, காப்புக்காடுகள் அதில் இருந்து நீக்கப்பட்டன. சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றுக்கு அது தொடர்ந்தது. பர்கூர் வட்டாரக் காடுகள் சரணாலயங்கள் அல்ல என்பதால் இத்திருத்தம் அவற்றுக்கு முக்கியமானதாகும்.

அயல் தாவரங்கள்: உண்ணிச்செடி அழகுச் செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது காட்டின் அடித்தளத்தை மூடி, நாட்டு மரக்கன்றுகளையும் புல்லையும் வளரவிடாமல் தடுக்கிறது. வறண்ட காலத்தில் எளிதில் தீப்பற்றி, தீயை மரக்கிளைகள் வரை ஏற்றுகிறது. தாழ்ந்த இடங்களில் சீமைக் கருவேலம் பரவியுள்ளது. அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது.

மேய்ச்சலும் மக்கள் வாழ்வும்

ஒகேனக்கல்லை அடுத்த ஆலம்பாடியின் பெயரால் வழங்கும் ஆலம்பாடி மாட்டினம் இக்காட்டு மேய்ச்சலில் உருவானது. காட்டுக்குள் பட்டி அமைத்து மாடுகளைப் பல மாதங்கள் தங்கவைத்து மேய்ப்பது பழைய வழக்கம். சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் எனத் திருத்தியது. மறுபுறம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சிறுவனப் பொருள் சேகரிப்பையும் காடுவாழ் மக்களின் உரிமைகளாக ஏற்றுள்ளது.

அளவுக்கு மிஞ்சிய மேய்ச்சல் இளங்கன்றுகளை அழித்து, முதிர்ந்த மரங்கள் மட்டும் நிற்கும் வாரிசற்ற காட்டை உண்டாக்கும். எனினும், பெட்டமுகிலாளம் போன்ற மலையூர்களின் மக்களும் இருளரும் நெல்லி, புளி, தேன் முதலியவற்றைச் சேகரிப்பது நிற்கும் மரத்தின் பயனை நம்பிய தொழிலாகும். மரம் வெட்டப்பட்டால் அவர்களின் வருவாயும் அற்றுப்போகும். பழைய மரங்களில் ஊர்த்தெய்வத்தைக் கண்டு அவற்றை வெட்டாது விடும் வழக்கமும் இப்பகுதியின் தமிழ், கன்னட, தெலுங்கு ஊர்கள் யாவற்றிலும் உள்ளது.

மரம் நடுதலும் பழங்காடும்

தமிழ்நாட்டின் காடு மற்றும் மரப் பரப்பை 23.7 விழுக்காட்டில் இருந்து 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. இத்தகைய கணக்குகளில் தைலமரத் தோப்பும் பழைய ஆற்றங்கரைக் காடும் பரப்பளவில் ஒன்றாகவே எண்ணப்படக்கூடும். ஆனால் பொந்து, படர்ந்த கிளை, மட்கிய அடிமண், மரங்களுக்கு இடையிலான இணைப்பு ஆகியவை காலத்தால் மட்டுமே உருவாகின்றன. பர்கூர் வட்டார மலைகள் காட்டுவது போல, பரப்பு காடாகவே நீடித்தாலும் அதன் முதுமை ஒருமுறை இழக்கப்பட்டால் பல தலைமுறைகளுக்கு மீள்வதில்லை. அவ்வாறு இழக்கப்படாமல் காவிரி, சின்னாறு, தொட்டஹள்ளா கரைகளில் எஞ்சியிருக்கும் முதிர்ந்த மரங்களே, மேலகிரிச் சரிவுகளில் இயற்கைக் காடு மீண்டும் தழைப்பதற்கான விதைமரங்கள் ஆகும்.

இவற்றையும் பார்க்க

காவிரி ஆறு
ஒகேனக்கல் அருவி
மயிலாடும்பாறை
சாம்பல் நிற மலை அணில்
நீர்மருது
கோயில்காடு